பாதிமலையும் பச்சைக் காரும்

மனுஷிக்கு வைக்க வேறு பெயரா கிடைக்கவில்லை? பாதிமலையாம், பாதிமலை! அந்தத் தையற்கடைக்கு யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். "பாதிமலை அக்கா கடையா? மருந்துக்கடைக்கு மேல இருக்கு. படி முழுசா ஏறுங்க, பாதியில நின்னுடாதீங்க" என்பார்கள். வழி சொல்கிற சாக்கில் ஒரு நக்கல். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. வெளியே சிரித்து மழுப்புவாள், உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

வேலையில் அவளை ஒரு சொல் சொல்ல முடியாது. கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டால் துணியில் கோடு போடுகிற வழக்கமே இல்லை. தட்டை வைத்து வரைந்தாலும் அவ்வளவு சுத்தமாக வராத வட்டத்தை வெறுங்கண்ணால் வெட்டித் தள்ளுவாள். அவள் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றவர்கள், தங்களுக்கு இப்படியொரு தோள் இருப்பதே தெரியாமல் போயிற்றே என்று வியப்பார்கள். இன்னொரு பழக்கமும் உண்டு. துணி பற்றாமல் போய்விடக் கூடாது என்று எதற்கும் ஒரு பிடி கூடுதலாகவே வைத்துக்கொள்வாள். சோற்றுக்கு உலை வைப்பதிலிருந்து எல்லாவற்றிலும் அப்படித்தான்.

அந்தப் பச்சைக் கார் அவளிடம் வந்தது ஒரு பண்டமாற்றில். ஒரு பெரிய வீட்டுக்குத் திரைச்சீலை தைக்க அளவெடுக்கப் போனவள், கொல்லைப்புறக் கொட்டகையில் அந்தக் காரைப் பார்த்தாள். உருண்டைத் தலை, தொங்கிப்போன கதவு, பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வீட்டம்மா, "இது ஓடி எத்தனையோ வருஷம் ஆச்சு, இடத்தை அடைச்சிக்கிட்டு நிக்குது" என்றாள். "கூலியே வேண்டாம், இதைக் கொடுங்க" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் தனக்குக் கார் ஓட்டவே தெரியாது என்பது அவளுக்கு நினைவு வந்தது. வண்டியை வீட்டுக்கு இழுத்து வந்தாள், ஓட்டக் கற்றுக்கொண்டாள், சீட்டு உறையிலிருந்து கூரைத் துணி வரை தன் கையாலேயே தைத்தாள். எஞ்சினை மட்டும் தெருக்கோடி மெக்கானிக்கிடம் ஒப்படைத்தாள். எந்த நோய்க்கும் கார்புரேட்டரில் பெட்ரோல் பாய்கிற துளையான ஜெட்டை மாற்றிப் பார்க்கிறவன் என்பதால் அவனுக்கு ஜெட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கும். நடுவில் கணவரின் மூக்கு வந்து தொலைத்தது.

அவருக்குத் தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கிற வேலை. வரிசையாகக் கிண்ணங்களை வைத்து, முகர்ந்து, உறிஞ்சி, துப்பி, இது நேற்று வந்த இலை, இது மழையில் நனைந்த இலை என்று சொல்ல வேண்டும். மூக்குதான் மூலதனம். பச்சையில் முதல்முறை ஏறி உட்கார்ந்த அன்றைக்குப் பின்பக்கத் தொட்டியிலிருந்து வந்த பெட்ரோல் வாடை குப்பென்று தூக்கியது. மூன்று தெரு தாண்டுவதற்குள் புதுச் சீட்டு உறையிலேயே வாந்தி எடுத்துவிட்டார். மறுநாள் வேலையில் எந்தக் கிண்ணத்தை முகர்ந்தாலும் பெட்ரோல்தானாம். "நீ ஓட்டும்மா, நான் வீட்டு வாசல்ல நின்னு கை காட்டறேன்" என்று சொல்லிவிட்டார்.

அது அவளுக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் அவர் இல்லாமல் என்ன கார், என்ன ஊர்வலம்? தொட்டி மூடியைக் கழற்றிப் பார்த்தாள். உள்பக்கத்து அட்டை வாஷர் பொடிந்து போயிருந்தது. பழைய சைக்கிள் டியூபை எடுத்து விரித்தாள், மூடிக்குள் அச்சாகப் பொருந்தும்படி வட்டமாக ஒரு துண்டு வெட்டினாள், உள்ளே வைத்து அழுத்தினாள். திருகினால் கிச்சென்று உட்கார்ந்தது. அன்றோடு வாடை போச்சு. அவரும் வந்து ஜம்மென்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு சந்தைக்கு, மகள் வீட்டுக்கு, கடற்கரைக்கு என்று இரண்டு பேரும் சுற்றாத இடமில்லை.

இனி மலைக்கு வருவோம். பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வெளியே இருக்கிற மலைமேல் ஏறுவார்கள். பந்தயம் இல்லை, யார் முதல் என்ற கணக்கு இல்லை. நிற்காமல் ஏற வேண்டும், அவ்வளவுதான். சக்கரம் நிற்கக் கூடாது, வழியில் பானட்டைத் திறக்கக் கூடாது, வெளியாள் கை படக் கூடாது, ஒரு வண்டியில் எத்தனை பேர் கிளம்பினார்களோ அத்தனை பேரும் உச்சிக்கு வந்து சேர வேண்டும். உச்சியில் சங்கத்துத் தலைவர் கொடியோடு நிற்பார். மெலிந்த மனிதர், சட்டம் என்றால் சட்டம்தான்.

பச்சை வருஷா வருஷம் கிளம்பும். அடிவாரத்திலிருந்து சிங்கம் மாதிரி சீறிக்கொண்டு போகும். தண்ணீர்த் தொட்டி வளைவு வந்ததும் ஓர் இருமல். பிறகு இன்னொன்று. டபக் டபக் என்று உதறி, தள்ளாடி, ஊரே பார்க்க நடுரோட்டில் நின்றுவிடும். அதே வளைவு! வண்டியில் பெட்ரோல் அளவு காட்டுகிற முள் செத்துப் பல காலம் ஆயிற்று. அதனால் இறங்கியதும் முதல் வேலையாகத் தொட்டியைத் திறந்து, தையல் ஸ்கேலை உள்ளே விட்டுப் பார்ப்பாள். புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும், டிக்கிப் பக்கம் டொங்கென்று ஏதோ தகரம் அதிரும். பெட்ரோல் நிறைய இருக்கும். மூடியைத் திரும்ப இறுக்கிவிட்டு வருவதற்குள் ஜெட்டு பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்து பானட்டைத் திறந்து, கார்புரேட்டரை ஸ்குரூடிரைவர் பிடியால் இரண்டு தட்டு தட்டுவான். ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல வண்டி உறுமும். "பார்த்தீங்களா, மிதவை மாட்டிக்கிச்சு" என்பான். ஆனால் நின்றது நின்றதுதானே. வளைவிலேயே திருப்பிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

என்னதான் செய்யவில்லை? ஒரு வருஷம் பெரிய ஜெட்டு. ஒரு வருஷம் புதுப் பம்பு. ஒரு வருஷம் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்கிறது என்று குழாய் முழுக்க ஈரத்துணி சுற்றினார்கள். இன்னொரு வருஷம் பிளக், காயில், கம்பி என்று மின்சாரப் பக்கமே மொத்தமாக மாறியது. தண்ணீர்த் தொட்டி வளைவு மட்டும் மாறவில்லை.

வெறுப்பேற்றியது என்னவென்றால், மற்ற நாளில் அதே மலையில் அதே வண்டி அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. ஜெட்டு கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு சோதனைக்கு எடுத்துப் போவான், உச்சியைத் தொட்டுவிட்டு விசிலடித்துக்கொண்டே இறங்கி வருவான். ஒருநாள் அவன் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டான்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. என் கையில ஏறுது. உங்க கையில ஏற மாட்டேங்குது. அந்த வளைவு வந்ததும் பயத்துல கால் தானா எடுத்துடுதோ என்னவோ?"

"பயமா? எனக்கா?" என்று அவள் சண்டைக்குப் போனாள். ஆனால் அந்தச் சொல் முள்ளாக உள்ளே இறங்கிவிட்டது. உண்மையிலேயே காலை எடுக்கிறேனோ? என் மேல்தான் கோளாறோ? தையல் மெஷின் மிதிக்கும்போதுகூடத் தன் காலையே சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

இந்த வருஷம் கொடிக்காரத் தலைவரே கடைப்படி ஏறி வந்தார். சுற்றி வளைக்கவில்லை. "இந்தத் தடவையும் நின்னுட்டா, அடுத்த வருஷத்திலேருந்து உங்க வண்டிய கீழ மைதானத்துல நிறுத்திடலாம்மா. ஓடாத வண்டிங்களுக்குன்னு கயிறு கட்டி இடம் வச்சிருக்கோம். பிள்ளைங்க போட்டோ எடுத்துக்குவாங்க."

"என் வண்டி ஓடும்!"

"ஓடும்மா. பாதி வரைக்கும் ஓடும்."

அவர் போனபின் அவள் வெட்டிய சட்டைக்கு மூன்று கை இருந்தது.

மலையேறும் நாள் வந்தது. அடிவாரத்துப் பங்க்கில், மலையேறும் நாளின் வழக்கம்போலத் தொட்டியைக் கழுத்துவரை நிரப்பச் சொன்னாள். பங்க் பையன் போதுமா என்று கேட்டதற்கு, "இன்னும் ஒரு பிடி ஊத்துப்பா" என்றாள். மூடியைத் தானே வாங்கி, கிச்சென்று சத்தம் வரும்வரை திருகினாள். கணவர் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில், கடையில் விற்கிற மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில். அவளைவிட அவருக்குத்தான் படபடப்பு. "நீ பாட்டுக்கு ஓட்டு. நான் எதுவும் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தார்.

கிளம்பச் சொல்லி விசில் ஊதினார்கள். பச்சை புறப்பட்டது.

அடடா, என்ன ஒரு சத்தம்! அந்த எஞ்சின் அப்படிப் பாடி அவள் கேட்டதே இல்லை. இரண்டாம் கியரில் முதல் ஏற்றம், இடது வளைவு, வலது வளைவு, ஓரத்தில் நின்ற ஜனங்களின் கைதட்டல், எல்லாம் கண்ணாடிக்கு வெளியே பறந்தன. காலை எடுக்கவில்லை, எடுக்கவே இல்லை, மிதி தரையோடு தரையாக அழுந்திக் கிடந்தது. "என் காலைப் பார்த்துக்கிட்டே வாங்க! எடுத்தா சொல்லுங்க!" என்று கத்தினாள். அவர் குனிந்து அவள் காலையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

தூரத்தில் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

டபக்.

"எடுத்தேனா?"

"இல்லம்மா! அப்படியேதான் இருக்கு!"

டபக். டபக் டபக். வண்டி உதறியது. ஜனக்கூட்டத்தில் யாரோ, "பாதிமலை வந்தாச்சு டோய்!" என்று கூவினான். அவள் முதல் கியருக்குத் தட்டினாள். பச்சை நொண்டிக்கொண்டு நகர்ந்தது. கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் மனதின் ஒரு மூலையில் ஒரு குளிர்ச்சி. நான் எடுக்கவில்லை, என் கால் இல்லை!

கணவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதற்றத்தில் பாட்டிலை வாயில் வைத்து, எடுக்காமல் உறிஞ்சு உறிஞ்சென்று உறிஞ்சினார். பாட்டில் கர்ரக் கர்ரக்கென்று ஒட்டி உள்ளே போனது. "சே, தண்ணிகூட வர மாட்டேங்குது" என்று வாயை எடுத்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே புகுந்தது. ஒட்டியிருந்த பாட்டில் டப்பென்று பழையபடி உப்பிக்கொண்டது.

அவள் தலையைத் திருப்பி அந்தப் பாட்டிலைப் பார்த்தாள்.

புஸ். டொங். வருஷா வருஷம், இதே வளைவில், தொட்டியைத் திறந்ததும் வருகிற அதே சத்தம்! வெளியே வருகிற ஆவி என்றல்லவா நினைத்திருந்தாள். அது உள்ளே போகிற காற்று!

"ஏங்க, இறங்குங்க!"

"என்னது? ஓடுற வண்டியிலேருந்தா?"

"இது ஓடுதா? ஊருது! இறங்கிப் போய்த் தொட்டி மூடியைத் திறங்க! சீக்கிரம்!"

"ஐயோ, நாத்தம் அடிக்குமேம்மா!"

"என் உயிரை வாங்காதீங்க, இறங்குங்க!"

அவர் கதவைத் திறந்து, ஒரு காலை ஊன்றி, தடுமாறி, விழாமல் எப்படியோ நின்றுவிட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார். வண்டியோடு வண்டியாக நடந்துகொண்டே மூடியைப் பிடித்துத் திருகினார். அவள் திருகியதாயிற்றே, அசைவேனா என்றது. சட்டையின் முனையைச் சுற்றிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு திருகு. மூடி கையோடு வந்தது. புஸ்ஸ்ஸ்! டொங்! பெட்ரோல் தளும்பி அவர் சட்டை, கை, முழங்கை எல்லாம் நனைத்தது.

வண்டி இரண்டு முறை உதறியது. ஒரு முறை இருமியது. பிறகு தொண்டை திறந்தது, பாருங்கள்! எஞ்சின் கர்ஜித்துக்கொண்டு ஒரே தாவாகத் தாவியது.

கண்ணாடியில் பார்த்தாள். நடுரோட்டில் கணவர், கையில் மூடி. அவரை ஏற்றிக்கொள்ள நின்றால் சக்கரம் நின்றுவிடும். நிற்காமல் போனால் மனுஷனை மலையில் பாதியில் விட்டுவிட்டுப் போகிறோம். அவள் கால் மிதியிலிருந்து ஒரு கணம் நிஜமாகவே லேசாக எழும்பியது. அதைப் பார்த்தவர்போல அவர் பின்னாலிருந்து அலறினார்.

"நிக்காதே! காலை எடுக்காதே! போ! நான் வந்துடறேன், போ!"

அவள் அழுத்தினாள். அந்த வளைவுக்கு அப்பால் சாலை எப்படி இருக்கும் என்று ஓட்டுகிற சீட்டிலிருந்து அவள் பார்த்ததே இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆகாயம். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஏறுடி பச்சை, ஏறுடி என் ராசாத்தி" என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனாள். கடைசி ஏற்றம் நெட்டுக்குத்தாக நின்றது. பச்சை அதையும் முக்கி முனகாமல் விழுங்கிவிட்டது. உச்சி! கூட்டம் வாயைப் பிளந்து நின்றது, பிறகுதான் கை தட்டத் தோன்றியது.

ஆனால் தலைவர் கொடியை அசைக்கவில்லை. காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"கிளம்பும்போது ரெண்டு பேராச்சே. துணை எங்கம்மா?"

"வந்துக்கிட்டே இருக்கார்."

"எதுல?"

"காலுல."

கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. "கடைசி வண்டி வர்ற வரைக்கும் கொடி நிக்கும். அதுக்கப்புறம் சுருட்டிடுவேன்" என்றார். வேறு வண்டியில் ஏறிக்கொண்டு வந்தாலும் செல்லாது, வெளியாள் கை பட்டதாகிவிடும். ஒவ்வொரு வண்டியாக வந்து சேர்ந்தது. அவள் சாலையோரத்தில் நின்று கீழே எட்டி எட்டிப் பார்த்தாள். அவர் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர். பாவி, அவரை இப்படி விட்டுட்டு வந்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கடைசி வண்டியும் வந்தது. தலைவர் கொடிக்கம்பைக் கையில் எடுத்தார்.

அப்போது சாலைப் பக்கமாக இல்லை, எதிர்ப்பக்கப் புதருக்குள்ளிருந்து சரசரவென்று சத்தம். குறுக்குப்பாதையில் ஏறி வந்திருக்கிறார் மனுஷன்! சட்டையெல்லாம் முள், தலையில் இலை, ஒரு செருப்பைக் காணோம். தொட்டி மூடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தார். பேச முடியாமல் மூடியைத் தலைவர் மூக்குக்கு நேராக நீட்டினார். பெட்ரோல் வாடையில் தலைவர் இரண்டடி பின்வாங்கினார்.

"சட்டத்துல," என்றார் தலைவர், மூக்கைப் பொத்திக்கொண்டு, "துணை நடந்து வரக் கூடாதுன்னு எங்கேயும் இல்லை." கொடி உயர்ந்தது, அசைந்தது. கூட்டம் போட்ட கூச்சலில் மலையே அதிர்ந்தது. ஒருவன் அவரைத் தோளில் தூக்கப் பார்த்து, வாடை தாங்காமல் இறக்கிவிட்டான்.

ஜெட்டு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து மூடியைப் பிடுங்கினான். நகத்தால் நெம்பி ரப்பர் வட்டத்தை உரித்தான். அதன் அடியில், மூடியின் நடுவே, ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது.

"அடக் கடவுளே! பெட்ரோல் போகப் போகக் காத்து உள்ள வரணும்னுதான் இந்த ஓட்டையே வச்சிருக்கான். அதை அடைச்சா, உள்ள இருக்கிற பெட்ரோலை வெளிய விடாம தொட்டியே இழுத்துப் பிடிச்சுக்கும். நான் கொஞ்சமா ஊத்தி ஓட்டுவேன், உள்ள காத்து நிறைய கிடக்கும், அதனால அடைச்சது தெரியாது. நீங்க கழுத்துவரைக்கும் ரொப்பிட்டு வர்றீங்க, உள்ள இருக்கிற துளிக் காத்து பாதி மலைக்கே முடிஞ்சுடும். வருஷம் பூரா கார்புரேட்டரைக் கழட்டி மாட்டினேனே! இதை யாரு வெட்டினது அக்கா? வேற யார் வெட்டியிருந்தாலும் ஓரத்துல கொஞ்சமாவது கசிஞ்சிருக்கும். இதுல ஒரு மயிரிழை விட்டு வைக்கலையே!"

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வழிய, "நான்தான்டா. இவர் பக்கத்துல வந்து உட்காரணுமேன்னு வெட்டினேன்" என்றாள்.

ஜெட்டு காதைப் பிடித்துக்கொண்டான். "உங்க கால்னு சொன்னேன் பாருங்க, என் வாயைத் தைச்சு விடுங்கக்கா."

கணவர் அந்த ரப்பர் வட்டத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது என்கிட்டயே இருக்கட்டும். உன்கிட்ட குடுத்தா எனக்காகன்னு திரும்பவும் மாட்டிடுவே."

"வாடைக்கு என்ன பண்ணுவீங்க?"

"இப்ப நான்தாம்மா வாடை" என்றார் அவர், நனைந்த சட்டையைக் காட்டி.

மூடியை வெறுமனே திருகிப் போட்டுவிட்டு இருவரும் இறங்கினார்கள். அவர் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்தபடி, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது, வாய் மட்டும் காதுவரை சிரித்தது. தண்ணீர்த் தொட்டி வளைவில் இன்னும் கும்பல் கலையவில்லை. அவர்களைக் கண்டதும், "பாதிமலை!" என்று ஒரு குரல் உற்சாகமாகக் கூவியது.

பழக்கதோஷத்தில் அவள் திரும்பினாள். அதற்குள் பக்கத்துச் சீட்டிலிருந்து கணவர் மூக்கை விட்டுவிட்டுக் கையைத் தூக்கி ஆட்டினார்.

"என்னைத்தான் கூப்பிடறாங்க. நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."